முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்

அன்பு மகளே, பெரியவளே,

நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி எழுகிறாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். இங்கே நான், அம்மா, உன் தங்கை மூவரும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது, போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போவதால் அது இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். என் எழுத்து உனக்குத் தெரியும், பலகையில் பென்சிலால் கோடு போட்டுப் பழகிய தச்சுக் கை, காகிதத்தில் நாலு வரி எழுதுவதற்குள் விரல் மரத்துவிடும். நான் பேச்சில் சொல்வதை அவள் எழுத்து நடைக்கு மாற்றிப் போடுகிறாள், அதனால் அப்பா எப்போது இப்படிப் பேசக் கற்றுக்கொண்டார் என்று நீ மலைக்க வேண்டாம். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் நாற்காலி என்று ஆரம்பித்தாலே, விடுங்கப்பா, போனது போகட்டும், நான் படிப்பை நிறுத்திவிட்டு, பகுதிநேரம் போகிற கடையில் முழுநேரத்துக்குச் சேர்ந்துகொள்கிறேன் என்று நீ சொல்லிவிடுகிறாய், அம்மா போனை வாங்கி மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறாள். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்.

முதலில் வீட்டு நிலவரம். ஆறு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக வந்த பதினாறு நாற்காலிகளும் வந்த இடத்திலேயே இருக்கின்றன. எல்லாம் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலிகள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தோம், நடுச்சாமத்தில் விழுந்து எழுப்பிவிடும்போல ஆடின, இறக்கிவிட்டோம். கூடத்தில் பத்து, படுக்கும் அறையில் நாலு, சமையலறை வாசலில் இரண்டு. அம்மா அடுப்படிக்குப் போகும்போது ஒருக்களித்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போகிறாள், திரும்பி வரும்போது கையில் சூடான பாத்திரம் இருந்தால் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு நாற்காலியைப் பின்னால் இழுத்து வழிவிட வேண்டும். குளியலறைக் கதவு பாதிதான் திறக்கிறது. பால் கொண்டுவருகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் எடுக்கறீங்களா, என் மச்சானுக்கும் ஒரு இடம் போட்டு வையுங்க என்று தினமும் கேட்கிறார், முதல் நாள் சிரித்தேன். விற்றுத் தொலைக்கலாம் என்றால் முடியாது. கம்பெனிக்குக் கடன் கொடுத்திருந்த பைனான்ஸ்காரர்கள் வந்து ஒவ்வொன்றின் முதுகிலும் எண் போட்ட சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள், இவை அவர்களிடம் அடமானத்தில் இருக்கின்றனவாம், விற்கக் கூடாது, இடம் மாற்றக் கூடாது. சரி எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். கிடங்குக்கே சீல் வைத்தாகிவிட்டது, வைக்க இடமில்லை, உங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று ஒரு தாளில் என் பெயரை எழுதிக்கொண்டார்கள். ஆக, என்னுடையவை இல்லாத நாற்காலிகளுக்கு நான் காவல்காரன். உன் தங்கை மட்டும் ஏழாம் நம்பரில் உட்கார்ந்து படிக்கிறாள், உட்காரக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லையே என்கிறாள்.

நீ கேட்டாய், ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் ஏன் வேலைக்குப் போனீர்கள் என்று. கோபமாகத்தான் கேட்டாய், ஆனால் கேள்வி சரி. கட்டில், மேசை, நாற்காலியை மாத வாடகைக்கு விடுகிற ஸ்டார்ட்அப் கம்பெனி அது, போனில் தட்டினால் வீட்டுக்கே போய் இறங்கும், உடைந்து திரும்பி வருவதைச் சரிசெய்து மறுபடி புதிதுபோல் அனுப்புவது என் வேலை. முதல் ஒன்றரை வருடம் ஒன்றாம் தேதி காலையில் போன் சிணுங்கும், சம்பளம் கணக்கில் ஏறியிருக்கும். முதலாளி சின்னப் பையன், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், சார் என்று கூப்பிட்டால் காதைப் பொத்திக்கொள்வான், தம்பி என்றே கூப்பிடச் சொன்னான், என்னை அண்ணே என்பான். இன்றைக்கும் நாங்கள் அவனைத் தம்பி என்றுதான் சொல்கிறோம், வாய் வேறு எதற்கும் வளையவில்லை. பிறகு சம்பளம் பத்தாம் தேதிக்குப் போனது, அப்புறம் பாதியானது, அப்புறம் அடுத்த மாதம் சேர்த்து என்றானது. போன மாதச் சம்பளம் கைக்கு வரவேண்டுமே என்று இந்த மாதம் வேலைக்குப் போனேன், இந்த இரண்டும் வரவேண்டுமே என்று அடுத்த மாதமும் போனேன். நின்றுவிட்டால் நானாக விட்டுவிட்டுப் போனதாகும், பாக்கியைக் கேட்க வாயிருக்காது என்று பயம். போகப் போகத் திரும்பி வருகிற தூரமும் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பன்னிரண்டு பேரில் நாங்கள் நாலு பேர்தான் மிச்சம், நான், வேன் ஓட்டுகிறவர், வார்னிஷ் அடிக்கிறவர், ஸ்டோர் பார்க்கிறவர்.

ஒரு சனிக்கிழமை தம்பி எங்கள் நாலு பேரையும் கிடங்கில் உட்காரவைத்தான். கண் சிவந்திருந்தது. பணம் போட ஒருவர் வருவதாக இருந்தார், வரவில்லையாம். வெறுங்கையோடு உங்களை அனுப்ப மனசு வரவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் சாமான் எடுத்துக்கொண்டு போங்கள், பணம் வந்ததும் நானே திருப்பி எடுத்துக்கொண்டு சம்பளத்தைத் தருகிறேன், சும்மா கணக்குக்கு ஒரு ரசீது மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றான். உன் தங்கை அன்று எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அவளுக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அவளையே எழுதச் சொன்னோம். ரசீதின் வாசகத்தை நான் சொன்னேன், அவள் வெறுமனே எழுதினாள், ஆகவே இதில் அவள்மேல்

இந்த இடத்தில் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். வரி அப்படியே நிற்கிறது பார். எழுது என்றேன், எழுத மாட்டேன் என்றாள். எழுதாவிட்டால் கொடு, நானே எழுதுகிறேன் என்று தாளை இழுத்தேன், விடவில்லை. "லேபர் ஆபீஸ்ல சொன்ன பொய்யே போதாதாப்பா? அக்காகிட்டயும் சொல்லணுமா?" என்று கேட்டாள். கேட்டது மெதுவாகத்தான். எனக்குக் கோபம் வந்தது, எழுந்து நடக்கலாம் என்றால் இந்த வீட்டில் இப்போது எழுந்து நடக்க இடம் ஏது, இரண்டு நாற்காலியை முட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். அடுப்படியில் இருந்து உன் அம்மா, முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னாள், "எழுதினது அவ. படிக்காம கையெழுத்துப் போட்டது நீங்க. ரெண்டு பேரும் போய் அதை அப்படியே சொல்லிட்டு வாங்க. இன்னும் எத்தனை நாள் நான் பக்கவாட்டுல நின்னு சமைக்கிறது?" சரி, எழுது, உள்ளதை எழுது என்றேன்.

உள்ளது இதுதான். நாங்கள் அவளுக்குச் சொன்னது, இன்னாருக்கு இத்தனை சாமான் வந்தது என்று நாலு தாள் எழுது, அவ்வளவே. அவளிடம் பள்ளியில் பரிசாக வந்த ஒரு புத்தகம் இருக்கிறது, எல்லா வகைக் கடிதத்துக்கும் விண்ணப்பத்துக்கும் மாதிரி போட்டது, அதைக் கதைப் புத்தகம்போல் படிப்பாள். அதில் ரசீதுக்கு ஒரு மாதிரி உண்டாம், அது அவளுக்கு மனப்பாடம். வெறும் சாமான் கணக்கு மட்டும் எழுதினால் மொட்டையாக இருக்குமே, அப்பாவுக்கும் மற்ற மாமாக்களுக்கும் மரியாதையாக இருக்கட்டும் என்று, சம்பள பாக்கிக்கு ஈடாகக் கீழ்க்கண்ட பொருட்களை முழு மனதுடனும் முழுத் திருப்தியுடனும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு வரவேண்டிய பாக்கி யாதொன்றும் இல்லை என்று நாலு தாளிலும் எழுதினாள், அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். நாங்கள் நாலு பேரும் கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டோம். ஒருவரும் படிக்கவில்லை. நான் அந்தக் கையெழுத்தின் அழகைத்தான் பார்த்தேன், என் பெண் எழுதியது என்று மற்றவர்கள் முகத்தையும் பார்த்தேன். தம்பி படித்தான், ஒன்றுக்கு இரண்டு முறை. வக்கீல்கூட இப்படி எழுத மாட்டார் பாப்பா என்றான். வீடு வரும்வரை அவள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பதினைந்து நாளில் கிடங்குக்குச் சீல். தம்பி போனை எடுப்பதில்லை. நாலு பேரும் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம், அதிகாரி ஒரு அம்மா, கண்டிப்பானவர், ஆனால் உட்காரச் சொல்லித்தான் பேசுவார். முதல் விசாரணைக்குத் தம்பி ஒரு வக்கீலுடன் வந்தான், என்னைப் பார்த்ததும் சாப்பிட்டீங்களாண்ணே என்று கேட்டான், கேட்டுவிட்டு நாலு ரசீதையும் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். அதிகாரி அம்மா என்னுடையதை உரக்கப் படித்தார். நான் அப்போதுதான் முதல்முறையாக அதைக் கேட்கிறேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. உன் தங்கை என் பக்கத்தில் நின்றிருந்தாள், அவள் கை என் சட்டையைப் பிடித்தது. இந்த வார்த்தையெல்லாம் யாருடையது என்று கேட்டார். என்னுடையதுதான், பெண் எழுதினாள், வார்த்தை நான் சொன்னது என்றேன். அதை அவர் வாக்குமூலமாக எழுதினார், அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாள் அம்மாவிடம் சொல்லிவந்தேன். பாதி உண்மை. பதினைந்து வயதுப் பெண்ணை வக்கீல் நிற்கவைத்துக் கேள்வி கேட்பதை நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. மீதிப் பாதியை உனக்குத்தான் சொல்கிறேன். படிக்கத் தெரிந்தும் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் என்று அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கதவுக்கு அளவெடுக்காமல் மரத்தை அறுத்தவன் என்று சொன்னால் எப்படியோ அப்படி.

மற்ற மூவரையும் தனித்தனியாக விசாரித்தபோது அவர்கள் உள்ளதைச் சொல்லிவிட்டார்கள், பாப்பா எழுதிற்று, நாங்கள் போட்டோம் என்று. போன வாரம் அதிகாரி அம்மா என்னை மட்டும் கூப்பிட்டு நாலு ரசீதையும் வரிசையாக வைத்தார். "நாலு பேருக்கும் ஒரே மாதிரி திருப்தியா பெரியவரே? ஒரு எழுத்துகூட மாறாம?" என்று கேட்டார். இது ஒரு குழந்தை புத்தகத்தில் பார்த்து எழுதியது என்றால் இதை ஒப்பந்தம் என்று நான் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, தள்ளிவைத்துவிட்டுச் சம்பள பாக்கிக்கு உத்தரவு போடலாம், ஆனால் வாசகம் உங்களுடையது என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அப்படியானால் நீங்கள் முதலாளியோடு பேசி முடித்துக்கொண்டு மற்றவர்களையும் கையெழுத்துப் போடவைத்தீர்கள் என்றுதான் ஆகும் என்றார். யோசித்துச் சொல்லுங்கள், வியாழக்கிழமை கடைசி விசாரணை, கிடங்கில் உள்ள சாமானை பைனான்ஸ்காரர்கள் விற்பதற்கு முன் உத்தரவு போனால்தான் அந்தப் பணத்தில் உங்களுக்குப் பங்கு, அப்புறம் போனால் காகிதம்தான் மிஞ்சும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னதையே பிடித்துக்கொண்டு நின்றால் என்னுடைய ஆறு மாதம் மட்டும் அல்ல, அந்த மூன்று குடும்பத்தின் ஆறு மாதமும் போகிறது. மாற்றிச் சொன்னால் நான் பொய் சொன்னவன், என் பெண் வக்கீல் முன்னால் நிற்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்றில் முட்டிக்கொள்கிறேன், வீடும் அப்படி, மனதும் அப்படி. உன் கல்லூரிக் கட்டணத்தின் கடைசித் தவணைக்கு நான் வைத்திருந்தது இந்தப் பணம் ஒன்றுதான் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது தெரிந்துதான் நீ படிப்பை விடுகிறேன் என்கிறாய்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று சாயங்காலம் வேன் ஓட்டுகிறவர் வீட்டுக்கு நானும் சின்னவளும் போய் வந்தோம். வாக்குமூலம் விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை, தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போவார். அவர் பங்குக்கு வந்தது மூன்று இரட்டைக் கட்டில், ஒரே அறையில் மூன்றையும் சேர்த்துப் போட்டிருக்கிறார், கதவைத் திறந்தால் நேரே கட்டில்தான், செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அவர் சம்சாரம் கட்டில் நடுவில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார், பிள்ளைகள் மூலையில் எழுதிக்கொண்டிருந்தன. நான் ஏறாமல் வாசலிலேயே நின்று, வாசகம் நான் சொன்னதில்லை, அன்றைக்கு ஆபீசில் சொன்னது பொய், வியாழக்கிழமை மாற்றிச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வந்தார். பிறகு, "இதைச் சொல்ல ஒரு மாசமாச்சாண்ணே உங்களுக்கு? எங்க வீட்டுல அடுப்புப் பத்தவெச்சு மூணு நாளாச்சு" என்றார். நறுக்கிய காய் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு, கூலிக்கு நறுக்கிக் கொடுக்கிறார்களாம். மன்னிப்பு கேட்டேன், கேட்டதும் அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிந்தது. அப்போது உன் தங்கை, மாமா, தப்பு என்னிடமிருந்துதான் ஆரம்பித்தது, நான் வந்து சொல்லிவிடுகிறேன் என்றாள். அவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு, "நீ நல்லாத்தான் எழுதினே பாப்பா, படிக்காதது நாங்கதான்" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. வியாழக்கிழமை பத்தரைக்கு அலுவலக வாசலில் நிற்கிறேன், மற்ற இரண்டு பேரிடமும் நானே சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். அது போதும்.

இதனால் பணம் வந்துவிடும் என்று உனக்கு நான் ஆசை காட்டவில்லை. அதிகாரி அம்மா என் புது வாக்குமூலத்தை ஏற்காமல் போகலாம். ஏற்றாலும் உத்தரவு போய்ச் சேருவதற்குள் கிடங்கு காலியாகலாம். தம்பியிடம் இருந்தால் கொடுத்திருப்பான் என்றுதான் இன்னமும் தோன்றுகிறது, ஆனால் இல்லாதவன் அந்த ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்தானே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வக்கீல் என்ன கேட்பார் என்று சின்னவள் ஒரு பட்டியலே போட்டுவிட்டாள், அம்மா வக்கீலாக நின்று கேள்வி கேட்கிறாள், வக்கீலைவிட மோசமாகக் கேட்கிறாள். ஒரு கேள்விக்கு இவள் அழுதுவிட்டாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அதையே திரும்பக் கேட்கச் சொன்னாள்.

நீ எனக்காகச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. படிப்பை விடுவதாகக் கல்லூரிக்கு எழுதியிருந்தால் அதை அனுப்பாதே, அனுப்பிவிட்டால் வேறு யோசனை இருக்கிறது என்று சொல்லிவை. தவணைக்குக் கடைசி நாள் வருகிற மாதம் இருபதாம் தேதி, அதுவரை பொறு. இங்கே உத்தரவு நமக்கு எதிராகப் போனாலும் அதை அன்றே உனக்குச் சொல்வேன், ஒளிக்க மாட்டேன். அதற்கு முன்னால் நீயாக எனக்காகத் தோற்றுவிடாதே. கடையில் உனக்கும் ஒன்றரை மாதச் சம்பளம் நிற்கிறது என்று போன தடவை போகிற போக்கில் சொன்னாய், அது போகிற போக்கில் சொல்கிற விஷயம் இல்லை மகளே. இந்த வாரமே கேள், எழுதிக் கேள், சிரித்துப் பேசி அனுப்பினால் அடுத்த நாளும் கேள்.

வெயிலோ குளிரோ, காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சட்டென்று சளி பிடிக்கும். கண்ணாடியை மாற்றச் சொல்லி அம்மா நினைவூட்டச் சொன்னாள். நீ எண்ணியது நிறைவேறி, கண் நிறையப் படித்து, மனம் நோகாமல் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் நினைக்காத நாள் இல்லை.

என்றும் உன் நலமே நினைக்கும்
அப்பா

அக்கா, அப்பா சொல்லாமல் நான் எழுதுவது இதுமட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. வியாழக்கிழமை சொல்ல வேண்டியதை இருபது விதமாக எழுதிப் பார்த்தேன், எல்லாம் நீளமாக, அழகாக வந்தன, எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். அந்த வார்த்தைகள் என்னுடையவை, அவர்களுக்குச் சம்பளம் வரவில்லை, இவ்வளவுதான் சொல்லப் போகிறேன்.